கை தூக்க மட்டும்தானா உறுப்பினர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சமூகப் பணிக்கென்றே நடக்கும் கூட்டுறவுச் சங்கங்களில்கூடப் பொதுப்பேரவைக்கு ஆள் வருவதில்லை என்று தங்கள் இதழில் வந்த கட்டுரை வருந்தியிருந்தது. வருத்தம் நியாயமானதே. ஆனால் பழி முழுவதையும் உறுப்பினர் தலையில் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேரவை எப்படி நடக்கிறது? அறிவிப்போடு தடித்த ஆண்டறிக்கை ஒன்று வரும். எந்தப் பணிக்கு எவ்வளவு ஒதுக்குவது, எதைக் கைவிடுவது என்பதெல்லாம் நிர்வாகக் குழுவில் முன்பே முடிவாகியிருக்கும். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சேராவிட்டால் ஒத்திவைத்து, வந்தவர்களை வைத்தே கூட்டத்தை முடிக்கப் பல சங்கங்களின் துணைவிதிகள் இடம் தருகின்றன. தீர்மானத்தை வாசிப்பார்கள், கைகள் உயரும், 'ஏகமனதாக நிறைவேறியது' என்று பதிவேட்டில் ஏறும். இதற்காக ஒருவர் எத்தனை ஆண்டு வருவார்?

லாபம் பங்கிடும் சங்கத்தில் ஈவுத்தொகை குறைந்தாலாவது கேள்வி எழும். சமூகத்துக்காக உழைக்கும் சங்கத்தில் 'நல்ல காரியம்தானே, நடக்கட்டும்' என்று விட்டுவிடுகிறோம். சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995இல் சமூக அக்கறையைக் கூட்டுறவின் ஏழாவது கொள்கையாகச் சேர்த்தபோது, அந்தப் பணி உறுப்பினர்கள் ஒப்புதல் அளித்த கொள்கைகளின் வழியே நடக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தது. மேடைகளில் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய, இன்றைய கூட்டுறவுகளுக்கு முன்னோடியான சங்கத்தில், பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். பிற்பாடு உபரியில் நூற்றுக்கு இரண்டரையைக் கல்விக்கு ஒதுக்கி, நூலகமும் வாசிப்பறையும் நடத்தினார்கள். கணக்கு புரிந்தவரால்தானே கேள்வி கேட்க முடியும்!

பராமரிப்பு போன்ற சமூக சேவைகளை நடத்தும் இத்தாலியின் சமூகக் கூட்டுறவுகளில் பணியாளர், சேவை பெறுபவர், தன்னார்வலர் எல்லோரும் உறுப்பினராகலாம். தன்னார்வலர் எண்ணிக்கை மொத்த உறுப்பினரில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது 1991ஆம் ஆண்டுச் சட்டம். எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. பராமரிப்பு பெறும் முதியவரே உறுப்பினராக எழுந்து, 'நீங்கள் வரும் நேரம் எனக்குப் பயன்படவில்லை' என்று சொன்னால், எந்த நிர்வாகக் குழுவும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

நம் சங்கங்கள் வரவு செலவுத் திட்டத்தை வரைவு நிலையிலேயே இரண்டு பக்கத்தில் சுருக்கி உறுப்பினர் கையில் கொடுக்கட்டும். பேரவையின் முதல் ஒரு மணி நேரம் அவர்கள் கேள்விக்கே இருக்கட்டும். கேட்டதில் எதை ஏற்றார்கள், எதை ஏன் மறுத்தார்கள் என்பது எழுத்தில் வரட்டும்.

தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள்: நிர்வாகிகளிடம் பேட்டி எடுத்தது போல, பேரவைக்கு வருவதை நிறுத்திவிட்ட உறுப்பினர்களையும் சந்தித்துக் காரணம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
கூட்டுறவுச் சங்க உறுப்பினர் ஒருவர்