ஊர்ச்சின்னம் வரையப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கிராம சபை ஊருக்கு ஒரு சின்னமும் கொடியும் வரைந்து தரும்படி உன்னைக் கேட்டிருக்கிறது என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நீ அங்கே குடிபோய் அதிக காலம் ஆகவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணை உழுதவர்கள் தங்கள் அடையாளத்தை உன் கையில் ஒப்படைக்கிறார்கள். ஓர் ஊர் வந்தேறிய ஒருவருக்குத் தரக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியாது. தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

பெயர்ப்பலகைப் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் இங்கே தென் ஜேர்மனியின் வூர்ட்டெம்பெர்க் கிராமங்களுக்கு எத்தனையோ சின்னங்கள் தீட்டியிருக்கிறேன். தீட்டத் தீட்டத்தான் அவற்றை வாசிக்கப் பழகினேன். மஞ்சள் நிலத்தில் கறுப்பு மான்கொம்பு இருந்தால், அந்த ஊர் வூர்ட்டெம்பெர்க் ஆட்சியாளர்களுக்கு உட்பட்டிருந்தது. சிவப்பில் ஆறு ஆரக்கால்கள் கொண்ட வெள்ளைச் சக்கரம் என்றால் மைன்ஸ் பேராயரின் ஆட்சி. வட ஜேர்மனியில் உன் ஹோல்ஸ்டைன் பக்கத்தில் சிவப்பின்மேல் வெள்ளைக் காஞ்சொறி இலை பார்த்திருப்பாய். அது ஷௌவன்புர்க் பிரபுக்களுடையது. இன்னும் வடக்கே போனால் மஞ்சளில் இரண்டு நீலச் சிங்கங்கள், ஷ்லெஸ்விக் கோமகன்களின் அடையாளம்.

ஆண்டவர்களின் அடையாளங்களைவிட என் மனத்தைத் தொட்டவை ஏர்க்கொழு, ஆலைச் சக்கரம், திராட்சைக் கொடி வெட்டும் வளைகத்தி போன்றவைதான். வூர்ட்டெம்பெர்க்கில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குறி உண்டு. சில கோடுகள், ஒரு கொக்கி, ஒரு வளைவு, அவ்வளவுதான். எழுத வாசிக்கத் தெரியாதவனும் ‘இந்த எல்லைக்கு அப்பால் நம் ஊர் இல்லை’ என்று அறிந்துகொள்ள அதை எல்லைக்கற்களில் செதுக்கினார்கள். பிற்காலத்தில் அந்தக் குறிகளில் பல ஊர்ச்சின்னத்தின் கேடய வடிவத்துக்குள் ஏறின. கிரீடம் வைத்த சிங்கத்தைத் தீட்டும்போது வராத பயம், அந்த நான்கு கோடுகளைத் தீட்டும்போது எனக்கு வரும். ஒரு கோடு விலகினாலும் அது வேறு ஊராகிவிடும் அல்லவா?

ஆகவே வரையத் தொடங்குமுன் கேள். தேவாலயப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவரிடமும் தீயணைப்புப் படையின் மூத்தவர்களிடமும் போய் உட்கார். உன் மாநிலத்துக் கிராமங்களில் கருவாலி இலையும், ஓடையைக் காட்டும் அலைக்கோடும், பெருங்கற்காலக் கல்லறையும், கூரை முகட்டில் குறுக்காக நிற்கும் குதிரைத்தலைப் பலகைகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாம் உண்மைதான், எல்லாம் அழகுதான். ஆனால் பக்கத்து ஊரிலும் அதே இலை இருந்தால் யார் எந்த ஊர் என்று எப்படித் தெரியும்? மாநில ஆவணக் காப்பகம் வைத்திருக்கும் ஊர்ச்சின்னப் பதிவேட்டை இணையத்தில் பார்க்கலாம். உன் வட்டாரம் முழுவதையும் அதில் பார்த்துவிட்டுப் பென்சிலை எடு.

ஹெல்கோலாண்டை நினைத்துக்கொள். 1890இல் பிரித்தானியரிடமிருந்து ஜேர்மனிக்குக் கைமாறிய அந்தச் சிறு தீவின் கொடியில் மூன்று பட்டைகள் மட்டுமே: பச்சை, சிவப்பு, வெள்ளை. பச்சை நிலம், சிவப்புப் பாறைவிளிம்பு, வெள்ளை மணல் என்று தீவு மக்கள் அதைப் பாட்டாகவே சொல்கிறார்கள். கடலிலிருந்து தீவைப் பார்த்தால் கண்ணில் படுவதும் அந்த மூன்றுதான். ஒரு குழந்தை வண்ணப் பென்சிலால் நினைவிலிருந்து வரைந்துவிடலாம். நான் அறிந்த ஊர்க்கொடிகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

நிறங்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இத்தகைய சின்னங்களை வரையும் கேடயக் கலையில் மஞ்சளும் வெள்ளையும் உலோகங்கள், பொன்னும் வெள்ளியும். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை நிறங்கள். நிறத்தின்மேல் நிறம் வைக்கக்கூடாது, உலோகத்தின்மேல் உலோகம் வைக்கக்கூடாது. போர்க்களத்தில் தூரத்திலிருந்து ஆளை அடையாளம் காணப் பிறந்த விதி இது. நெடுஞ்சாலைப் பலகைக்கும் அப்படியே பொருந்துகிறது. பச்சையில் நீல ஓடை வரையச் சொல்லி யாராவது கெஞ்சினாலும் இணங்காதே, ஓடையை வெள்ளையாக்கு. இன்னொன்று: சின்னத்தின் விவரணையில் ‘வலம்’ என்றால் கேடயத்தைப் பிடித்திருப்பவனின் வலம், பார்க்கிறவருக்கு அது இடம்.

கொடியில் தெற்கும் வடக்கும் வேறுபடும். இங்கே தெற்கில் பெரும்பாலும் இரண்டு மூன்று பட்டைகள் போட்டு நடுவில் கேடயத்தை வைத்து நெடுக்காகத் தொங்கவிடுவார்கள். உங்கள் பக்கத்தில் பல ஊர்கள் கேடயத்தை விட்டுவிட்டு உருவங்களை நேராகத் துணி முழுவதும் விரித்து, கம்பத்தின் பக்கம் சற்றே நகர்த்தி வைக்கின்றன. காற்று அடிக்கும்போது கொடியின் வெளிநுனிதான் மடங்கிச் சுருளும், உருவம் கம்பத்தருகே இருந்தால் தப்பும். எழுத்து வேண்டவே வேண்டாம். மறுபக்கத்தில் அது கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும்.

சபையில் யாராவது ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஒரு நட்சத்திரம் கேட்பார்கள். அதை நான் விரும்புவதில்லை. நாளை இன்னொரு ஊர் சேர்ந்தால் கணக்குப் பிழைத்துவிடும். எங்கள் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 1968க்கும் 1975க்கும் இடையில் 3,379 ஊராட்சிகள் 1,111 ஆகச் சுருங்கின. இணைக்கப்பட்ட ஊர்களின் சின்னங்கள் சட்டப்படி செல்லாதவையாகின. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பழைய சின்னத்தைத் தீயணைப்பு நிலையக் கதவில் புதுப்பித்துத் தரச் சொல்லி எங்கள் பட்டறைக்கு வந்துகொண்டேயிருந்தார்கள். சபையும் தலைவரும் போன பிறகும் அவர்கள் விட மனமில்லாமல் பிடித்திருந்தது அது ஒன்றைத்தான். நீ வரையப்போவதும் அப்படி ஒன்றுதான் மகளே, நம் எல்லோரையும்விட நீண்ட காலம் இருக்கும்.

மாநில அரசின் அனுமதிக்கு அனுப்புமுன் வரைவை எனக்கு அனுப்பு. பெரிய தாளில் வேண்டாம். நிறத்துக்குப் பதிலாக அதைக் குறிக்கும் வழக்கமான அடையாளங்களை, பொன்னுக்குப் புள்ளி, சிவப்புக்குச் செங்குத்துக் கோடு, நீலத்துக்குக் கிடைக்கோடு என்று போட்டு, ரப்பர் முத்திரை அளவில் அச்சிட்டுத் தபாலில் போடு. ஊரின் முத்திரையில் அது அந்த அளவில்தான் நிற்கப்போகிறது. அதிலும் உருவம் தெளிவாகத் தெரிந்தால் அதையே சபைக்குக் கொண்டுபோ.

அன்புடன்,
அப்பா