போர்க்கால ஏடுகளை முழுதாகத் திறந்துவிடுங்கள்: ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கும் மத்தியக் குழுவின் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டாம் உலகப் போரை ஒட்டி, 1939 செப்டம்பர் 3 தொடங்கி 1945 டிசம்பர் 31 முடிய உள்ள மத்தியக் குழுவின் கூட்டக் குறிப்புகள், வாராந்திரக் குழுவின் குறிப்புகள், அன்றிருந்த ஐந்து வட்டாரக் குழுக்களின் குறிப்புகள் எல்லாவற்றையும் படியெடுத்து, தேதி வரிசையில், யாரும் படிக்கும்படி இணையத்தில் வையுங்கள். ‘முக்கியமானவை’ என்று நாலைந்தைப் பொறுக்கி ஒரு மலர் போட்டுவிட வேண்டாம். எங்களுக்கு வேண்டியது சலிப்பூட்டும் பக்கங்கள்தான்.

பெரிய முடிவுகள் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். அவசரச் சட்டங்கள் அரசிதழில் இருக்கின்றன. ஆளுநர் ஜேம்ஸ் டெய்லர் 1943 பிப்ரவரியில் பதவியிலேயே காலமானதும், ஆறு மாதம் கழித்து ஆகஸ்டில் சி.டி. தேஷ்முக் முதல் இந்திய ஆளுநரானதும் பாடப்புத்தகத்தில் வந்துவிட்டன. ஆனால் போரின் செலவு இந்தியாவின் தலையில் ஏறிய வழி அன்றாடக் கணக்கு மாற்றங்களின் வழியாகத்தான். அவற்றுக்கு அரசிதழ் கிடையாது, குழுவின் ஏடு மட்டுமே உண்டு.

ஒரு வரவு எப்படி நடந்தது என்று படிப்படியாகப் பார்ப்போம். பிரிட்டன் தன் படைக்கு இங்கே ஒரு கோடி ரூபாய்க்குத் துணியும் தோலும் வாங்குகிறது. இந்திய அரசு வியாபாரிக்கு ரூபாயாகக் கொடுத்துவிடுகிறது. பிரிட்டன் அதற்கு ஈடாக லண்டனில், ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற மாற்று விகிதத்தில், 7,50,000 பவுண்டை ரிசர்வ் வங்கியின் கணக்கில் வரவு வைக்கிறது. வங்கியின் பாங்கிங் பிரிவு இந்திய அரசின் கணக்கில் ஒரு கோடி ஏற்றுகிறது. வியாபாரியும் கூலிக்காரரும் பணத்தை ரொக்கமாகக் கேட்கிறார்கள். பாங்கிங் பிரிவில் நோட்டு இருப்பு குறைகிறது. உடனே அது தன்னிடமுள்ள ஸ்டெர்லிங் பத்திரங்களை (பவுண்டில் மதிப்பிட்ட கடன் பத்திரங்களை), நோட்டு வெளியிடும் வெளியீட்டுப் பிரிவிடம் கொடுத்து, அந்த மதிப்புக்குப் புது நோட்டு வாங்கிக்கொள்கிறது. வாராந்திர அறிக்கையில் இருபுறமும் ஒரே தொகை கூடியிருக்கும். தணிக்கைக்காரர் கண்ணில் ஒரு பிழையும் படாது.

1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, வெளியீட்டுப் பிரிவின் சொத்தில் ஐந்தில் இரண்டு பங்காவது தங்கமோ ஸ்டெர்லிங் பத்திரமோ இருக்க வேண்டும் என்றது. தங்கம் மட்டும் 40 கோடி ரூபாய்க்குக் குறையக் கூடாது. நோட்டு அச்சிடுவதற்குக் கடிவாளமாக எழுதப்பட்ட விதி இது. போரில் இதுவே திறந்த கதவாயிற்று. நூறு கோடி நோட்டுக்கு 40 கோடி ஸ்டெர்லிங் போதும் என்னும் இடத்தில் நூறுக்கு நூறு ஸ்டெர்லிங் வந்து குவிந்தால், விதி எப்படித் தடுக்கும்? நோட்டுக்கு ஈடாக நின்ற தங்கம், ஸ்டெர்லிங்கின் விகிதம் தொண்ணூறு சதவீதத்தையும் தாண்டியது. போர் தொடங்கும்போது சுமார் 180 கோடியாக இருந்த நோட்டுப் புழக்கம், முடியும்போது 1,100 கோடிக்கு மேல். ஸ்டெர்லிங் இருப்போ சுமார் 1,700 கோடி வரை ஏறியது. சட்டப்படி அவ்வளவு பத்திரமான நாணயம் அதற்கு முன் இருந்ததில்லை. கடையில் அரிசி விலை மட்டும் அந்தச் சட்டத்தைப் படிக்கவில்லை. 1943இல் வங்கத்தில் பஞ்சம்.

இந்த மாற்றங்கள் குழுவின் முன் எந்த வடிவில் வந்தன, யாராவது ஓர் இயக்குநர் ‘ஈடு சரி, விலைவாசி என்ன ஆகிறது?’ என்று கேட்டாரா, கேட்டிருந்தால் பதில் என்ன, இவற்றை ஏடு மட்டுமே காட்டும். கேள்வியே எழவில்லை என்று ஏடு காட்டினாலும் அதுவும் வரலாறுதான். அந்தக் குழுவில் அரசு அதிகாரிக்கு வாக்கு இல்லை. வங்கி அன்று பங்குதாரர்களுக்குச் சொந்தமானது; எட்டு பேர் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். அந்த எட்டு பேரும் வாய்திறந்தார்களா என்பது சின்ன விஷயம் அல்ல.

வெள்ளி ரூபாய் விவகாரமும் அப்படித்தான். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும் மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு வரிசையில் நின்றார்கள். நோட்டுக்கு நாணயம் தர வங்கி சட்டப்படி கடமைப்பட்டது. பழைய ரூபாய் 180 கிரெயின் எடை, அதில் 165 கிரெயின் சுத்த வெள்ளி. தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று ஜூன் 25இல் ஆணை வந்தது. ஜூலை 24இல் ஒரு ரூபாய் நோட்டுக்கு அவசரச் சட்டம். புது நாணயத்தில் வெள்ளி பாதியானது. விக்டோரியா ரூபாய் 1941 மார்ச்சுக்குப் பின் செல்லாது என்றாயிற்று.

இதில் ஆராய்ச்சியாளர் விழும் குழி ஒன்று உண்டு. ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது இந்திய அரசு. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் கணக்குகளுக்கு அது ‘ரூபாய் நாணயம்’ என்றே கொள்ளப்பட்டது. ஆகவே 1940 ஜூலைக்குப் பிந்தைய வாராந்திர அறிக்கைகளில் ‘ரூபாய் நாணயம்’ என்ற வரிசையில் காகிதமும் கலந்திருக்கிறது. அதை அப்படியே வெள்ளி இருப்பு என்று எடுத்து வரைபடம் போட்டால் கதை தலைகீழாகும். வெள்ளி எவ்வளவு, காகிதம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது குழுவுக்குப் போன உள்குறிப்புகளாகத்தான் இருக்க முடியும். சில்லறைத் தட்டுப்பாட்டின் இன்னொரு முகமான ஓட்டைக் காலணா அரசின் நாணயசாலை வேலை, உங்கள் ஏட்டில் அதைத் தேடச் சொல்லவில்லை. 1943இல் வந்த இரண்டு ரூபாய் நோட்டு உங்களுடையது. மூலச் சட்டத்தின் மதிப்புப் பட்டியலில் ஐந்து ரூபாய்க்குக் கீழே நோட்டே இல்லை.

ரங்கூன் பக்கங்களைத் தமிழர்கள் தனி அக்கறையோடு கேட்கிறோம். அன்று பங்குதாரர் பதிவேடுகள் ஐந்து: பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை, ரங்கூன். சென்னையும் ரங்கூனும் ஆளுக்கொரு இயக்குநரைத் தேர்ந்தெடுத்தன, மற்ற மூன்றும் இரண்டிரண்டு பேரை. பர்மா 1937இல் பிரிந்த பிறகும் 1947 வரை அந்த அரசுக்கு வங்கி நீங்கள்தான். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவில் போட்டிருந்த முதல் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனில் நுழைந்தபோது அங்கிருந்த உங்கள் அலுவலகத்தின் நோட்டு இருப்பு என்னவாயிற்று, பதிவேடு எங்கே போயிற்று, அதில் பெயர் இருந்தவர்களுக்குப் பங்காதாயம் எப்படி அனுப்பப்பட்டது: இவை மூன்றும் உலர்ந்த நிர்வாகத் தீர்மானங்கள். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இன்றும் குடும்பக் கணக்குகளை வைத்துப் பார்ப்பவர்களுக்கு அவை உலர்ந்தவை அல்ல.

இப்படிச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு அமெரிக்கா விடை வைத்திருக்கிறது. அந்நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வாரியத்தின் போர்க்காலக் கூட்டக் குறிப்புகளை செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி படியெடுத்து இலவசமாக வைத்திருக்கிறது. திறந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி வரிகள்தான். 1935ஆம் ஆண்டு வங்கிச் சட்டப்படி ஒவ்வொரு வட்டார வங்கியும் பதினான்கு நாளுக்கு ஒருமுறையாவது தன் வட்டி விகிதத்தை நிர்ணயித்து வாரியத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். எனவே ‘மாற்றமின்றி நிர்ணயித்ததை வாரியம் ஏற்கிறது’ என்று தந்தி மேல் தந்தி. நடுவே ஊழியர் நியமனம், சம்பளம், ஓர் ஊர் வங்கிக்கு உறுப்பினர் அனுமதி. அந்தச் சலிப்பே சான்று. 1942இல் கருவூல உண்டியல் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) வட்டியை எட்டில் மூன்று சதவீதத்தில் கட்டிவைத்த பிறகு, வாரியத்துக்கு வட்டியில் முடிவெடுக்க அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை என்பதைத் திரும்பத் திரும்ப வரும் அந்த வரியைவிடத் தெளிவாக எந்தப் பேச்சும் காட்டாது. ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான நம் வங்கி விகிதம் 1935 நவம்பர் முதல் 1951 நவம்பர் வரை மூன்று சதவீதத்தில் அசையாமல் நின்றது. அந்தப் பதினாறு வருட மௌனத்துக்கும் ஒரு ஏடு இருக்க வேண்டும்.

வெளியிடும்போது எதில் கவனம் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறோம், பிறகு திரும்பச் செய்வது இரட்டைச் செலவு.

தீர்மானத்தை மட்டும் படியெடுத்தால் பயனில்லை. ‘குறிப்பு 7 ஏற்கப்பட்டது’ என்று இருக்கும், குறிப்பு 7 வேறொரு கோப்பில் கிடக்கும். நிகழ்ச்சி நிரல், உள்குறிப்பு, தீர்மானம் மூன்றையும் ஒரே தேதியின் கீழ் கட்டுங்கள். படியெடுப்பு வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும்; கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஓரத்துப் பென்சில் குறிப்பும் கார்பன் நகலின் மங்கல் எழுத்தும் போய்விடும். எழுத்துணரி மென்பொருளை எண்களில் நம்பாதீர்கள். சட்டத்திலுள்ள மாற்று விகிதங்கள் 1 ஷில்லிங் 6 3/16 பென்ஸ், 1 ஷில்லிங் 5 49/64 பென்ஸ் என்று பின்னத்தில் இருப்பவை. மென்பொருள் 3/16ஐ 316 ஆக்கும். ரூபாய், அணா, பை மூன்றும் தனித்தனிப் பத்தியில் நிற்கட்டும். தோலா தங்கத்தின் சட்ட விலை 21 ரூபாய் 3 அணா 10 பை. அதைத் தசமமாக்கினால் 21.24. யாராவது 21.310 என்று ஏற்றிவிட்டால் அதன்மேல் கட்டிய அட்டவணை முழுதும் சாயும். அணாவுக்குப் பன்னிரண்டு பை, ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற விளக்கம் முதல் பக்கத்திலேயே வரட்டும், இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரிய நியாயமில்லை.

கணக்காண்டையும் குறித்துவையுங்கள். 1939 வரை ஜனவரி முதல் டிசம்பர், 1940இல் ஜூலை–ஜூன் முறைக்கு மாற்றம். இடைப்பட்ட கணக்கு ஆறு மாதத்துக்கு மட்டும். அதன் லாபத்தை முந்தைய முழு ஆண்டின் லாபத்தோடு ஒப்பிட்டுப் ‘போரால் வீழ்ச்சி’ என்று எழுதுவது எளிதில் நேரும் பிழை.

ஒரு பக்கத்தை மறைக்க வேண்டுமென்று நினைத்தால் அதை உருவிவிடாதீர்கள். அந்த இடத்தில், தேதியும் பக்க எண்ணும் மறைத்த காரணமும் கொண்ட ஒரு தாள் இருக்கட்டும். காரணம் என்ன சொல்ல முடியும் என்பது வேறு. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவுப்படி இருபது ஆண்டு கடந்த நிகழ்வுகளுக்கு மூன்று விலக்குகளே மிஞ்சும்: நாட்டின் பாதுகாப்பும் இறையாண்மையும், சட்டமன்ற உரிமை, அமைச்சரவைத் தாள்கள். வணிக ரகசியமும் நம்பிக்கைப் பொறுப்பும் அதில் இல்லை. எண்பது வருடத்துக்கு முந்தைய ஸ்டெர்லிங் கணக்கால் இன்று எந்த நாட்டின் பாதுகாப்பும் குலையாது.

1981இல் அமைத்த உங்கள் ஆவணக் காப்பகம் புனேயில் இருக்கிறது. அங்கே போய் வர வசதியுள்ள ஆய்வாளருக்கு அது போதும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து படிப்பவருக்குப் போதாது. மொத்தமும் ஒரே மூச்சில் முடியாது என்றால் இரண்டு கட்டுகளில் தொடங்குங்கள்: 1940 மே முதல் 1941 மார்ச் வரை உள்ள நாணயத் தட்டுப்பாட்டுப் பக்கங்கள், 1941 டிசம்பர் முதல் 1942 ஜூன் வரை உள்ள ரங்கூன் பக்கங்கள். இந்த இரண்டுக்கும் எப்போது, எந்த வடிவில் கிடைக்கும் என்று எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பொருளியல் வரலாறு படிப்போர் சிலர்