மூவாயிரம் பவுண்டும் பில்லி பாஸ்டனும்

அன்புள்ள நண்பா,

மூட்டுவலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பில்லி பாஸ்டன் என்ற ரக்பி லீக் ஆட்டக்காரரைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அவரையே சுற்றுகிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

1934இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பேயில் பிறந்தவர். அப்பா சியரா லியோனிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி, அம்மா கார்டிஃபில் குடியேறிய ஐரிஷ் குடும்பத்தவர், பிள்ளைகள் பதினொரு பேர். ரக்பியில் யூனியன், லீக் என்று இரண்டு தனித்தனி ஆட்டங்கள் உண்டு. யூனியனில் கார்டிஃப் அணிக்கும் பிறகு வேல்ஸுக்கும் ஆட வேண்டும் என்பதுதான் பையனின் ஆசை. கார்டிஃப் அவரை அழைக்கவே இல்லை. வட இங்கிலாந்திலிருந்து விகன் கிளப்காரர்கள்தான் 1953இல் வீடு தேடி வந்து மேசைமேல் நோட்டுகளைப் பரப்பினார்கள். ரக்பி லீக்கில் ஆட்டத்துக்குப் பணம் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பணத்தைத் தொட்டவர் யூனியன் பக்கம் அப்புறம் ஆயுளுக்கும் தலைகாட்ட முடியாமலிருந்தது. வந்தவர்கள் எழுந்து போய்விடட்டும் என்றுதான் அம்மா மூவாயிரம் பவுண்டு கேட்டார். அவர்களோ சரி என்றுவிட்டார்கள்!

விகன் முதல் அணிக்கு ஆறே ஆட்டங்கள் ஆடியிருந்தவரை 1954இல் பிரிட்டிஷ் அணியோடு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் எந்தக் கறுப்பினத்தவருக்கும் கிடைக்காத இடம் அது. பத்தொன்பது வயதில், 18 ஆட்டங்களில் 36 ட்ரை அடித்தார். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை. விகனுக்கு மட்டும் 488 ஆட்டங்களில் 478 ட்ரை. விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஆடுபவருக்கு வேகம் இருக்கும், இவருக்கு அதோடு பாரமும் இருந்தது. மடக்க வருபவரைச் சுற்றிக்கொண்டும் போவார், இடித்துத் தள்ளிவிட்டும் போவார்.

1957இல் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை முடிந்து, திரும்பும் வழியில் தென்னாப்பிரிக்காவில் காட்சி ஆட்டங்கள் ஏற்பாடாகியிருந்தன. அங்கே நிறவெறி ஆட்சி. அணி அங்கே போனது, பாஸ்டன் மட்டும் தனியாக வீடு திரும்பினார். அந்த ஆட்டங்களில் கோப்பைகூடக் கிடையாது. வேண்டாம் என்று நிர்வாகம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே!

விகன் அவரைக் கைவிடவில்லை. ஆடி ஓய்ந்த பிறகும் அங்கேயே பப் நடத்தி ஊர்க்காரராகிவிட்டார். 2025இல், தொண்ணூறு வயதில், சர் பட்டம் வந்தது. 1895இல் யூனியனிலிருந்து பிரிந்த இந்த ஆட்டத்தில் அதற்கு முன் எந்த ஆட்டக்காரருக்கும் அது கிடைத்ததில்லை.

கார்டிஃபும் 2023இல் சிலை வைத்திருக்கிறது. பாஸ்டனோடு கஸ் ரிஸ்மனும் கிளைவ் சல்லிவனும் அதில் இருக்கிறார்கள். மூவருமே வடக்கே போய்ப் பேர் வாங்கியவர்கள். சல்லிவன் 1972இல் பிரிட்டன் அணிக்கே தலைமை தாங்கி உலகக் கோப்பையை வென்றவர். அவர் கதையை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்குள் நீ மருத்துவர் சொன்னதை விவரமாக எழுது.

அன்புடன்,
உன் நண்பன்