கடையிலிருந்து பாப்பாவுக்கு

அன்பு பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சித்தி வீட்டு விசேஷத்துக்கு நீ வராததை யாரும் பெரிதுபடுத்தவில்லை, பெரியத்தையைத் தவிர.

அன்று போனில் அம்மாவிடம் நீ சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அது உன் பாடு, மாப்பிள்ளை பாடு. ஆனால் பூமி சூடாவதைப் பற்றிப் பேசும்போது என்னிடம் "எல்லாம் கைமீறிப் போச்சுப்பா, இனி எதுவும் மாறாது" என்று சொல்லிவிட்டு வைத்தாயே, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதலில் வேளாவேளைக்குச் சாப்பிடு.

நீ பிறந்தபோது நம் ரிப்பேர் கடைக்கு வந்த ஃபிரிட்ஜெல்லாம் குளிரூட்ட ஆர்-12 என்ற கேஸ் போட்டவை. மிச்ச கேஸை டியூபை வெட்டிக் காற்றில் விடுவதுதான் அன்றைய வழக்கம். அது வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-லேயே சொல்லிவிட்டார்கள், அந்த மாதிரி கேஸ்களைக் குறைக்க 1987-ல் நாடுகள் சேர்ந்து மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டார்கள். இதெல்லாம் நீ படித்தது. அது கடைவரை வந்துசேர்ந்த விதம் எனக்குத் தெரியும்.

அதற்கு மாற்றாக ஓசோனை அரிக்காத ஆர்-134ஏ கேஸ் சிலிண்டர் வந்தது. அதற்குக் கம்ப்ரசருக்குள் ஊற்றும் பழைய மினரல் ஆயில் சேராது. புது ஆயிலோ ஈரத்தை உறிஞ்சும், உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வாக்குவம் பம்ப் போட்டே தீர வேண்டும். கம்ப்ரசரை வைத்தே காற்றை இழுத்துச் சமாளித்த கூட்டம் நாங்கள். பம்ப் வாங்கக் காசா என்று முனகினோம். பயிற்சி வகுப்பு நடத்தினார்கள், ஏழை நாடுகளுக்கென்று தனி நிதியும் வைத்தார்கள். முனகிக்கொண்டேதான் மாறினோம்.

அப்புறம் 134ஏ-வும் ஆகாது, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைக் கூட்டும் என்றார்கள். மறுபடி மாறினோம். இப்போது ஆர்-600ஏ, பற்றிக்கொள்ளும் கேஸ். டார்ச் நெருப்பைக் காட்டாமல் டியூபைக் கட்டரால் வெட்ட வேண்டும், தராசில் வைத்து ஐம்பது அறுபது கிராம்தான் ஏற்ற வேண்டும். கடைப்பையன் கிராம் பிசகாமல் ஏற்றுகிறான்.

இப்படி உலகமே மாறியதால் ஓசோன் படலம் 2040 வாக்கில் பெரும்பாலான இடங்களில் 1980-ல் இருந்தபடி ஆகிவிடும், அண்டார்டிகாவில் 2066 ஆகும் என்று ஐ.நா. கணக்குச் சொல்கிறது. 2066-ல் நான் இருக்கமாட்டேன், நீயே கிழவி. அதைப் பார்க்கப்போகிறவர்கள்... சரி, அதை விடு.

நிலக்கரியை விடுவது அத்தனை சுலபமில்லை என்பாய். சரிதான். அந்த கேஸைச் செய்தது சில கம்பெனிகள், நிலக்கரியிலும் பெட்ரோலிலும் எல்லார் பிழைப்பும் மாட்டிக்கிடக்கிறது. பயந்து யாரும் மாறுவதில்லை பாப்பா. கைக்கு மாற்று வந்தால், அதைப் போடக் கற்றுக்கொடுத்தால் மாறுவார்கள். உன் பெயர் போட்ட கட்டுரையைக் கடையில் மாட்டியிருக்கிறேன், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன், எனக்கு ஒரு வரி புரியாது. ஆனால் கெடுதியை அளக்க ஆள் நிறைய இருக்கிறார்கள். மின்சாரம் குறைவாக இழுக்கும் ஏசி வேலைக்கு உன்னை மாறச் சொன்னார்களே, அதைப் பற்றி யோசித்தாயா? கேட்டால் வாயே திறப்பதில்லை.

நேரத்துக்குத் தூங்கு, சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய். அம்மா அந்தப் பேச்சை எடுக்கமாட்டாள், சொல்லிவைத்திருக்கிறேன். எடுத்தால் போனை என்னிடம் கொடுக்கச் சொல்.

அப்பா