எந்தச் சக்கரம் என்று முதலில் பார்

அன்புள்ள பாப்பா,

நேற்று இரவு நீ அனுப்பிய மீட்டர் படத்தை அம்மாவும் நானும் பார்த்தோம். ஏபிஎஸ் விளக்கும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு), சறுக்கும் கார் படம் போட்ட விளக்கும் சேர்ந்து எரிகின்றன. கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒரு ஃபோர்மன் (மெக்கானிக்) ஏபிஎஸ் பம்ப்பையே மாற்ற வேண்டும், 3,000 வெள்ளிக்கு மேல் ஆகும் என்று சொன்னாராம். பழுதைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்த்தாரா என்று கேட்டால் இல்லை என்கிறாய். அப்படியென்றால் இப்போதைக்குப் பணம் எதுவும் கட்டாதே. பம்ப் கெட்டுப்போவதும் உண்டுதான். ஆனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அதன்மேல் சந்தேகப்பட வேண்டும்.

சறுக்கும் கார் விளக்கு குறிப்பது வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி அமைப்பை. அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பழுதைத் தேடுவது சுலபம். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, நான்கு சக்கரங்களும் என்ன வேகத்தில் சுற்றுகின்றன என்று கம்ப்யூட்டர் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு ஒத்துவராவிட்டால், தேவையான சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து வண்டியை வழிக்குக் கொண்டுவரும். 1995இல் போஷ் தயாரிப்பாக மெர்சிடிஸ் காரில் வந்தது இது. 2018இலிருந்து நம் மலேசியாவில் புதிதாக அறிமுகமாகும் கார் மாடல்களுக்குக் கட்டாயமாகிவிட்டது. சக்கர வேகத்தைச் சொல்லும் சென்சார்கள் ஏபிஎஸ்ஸுக்கும் இதற்கும் பொது. அதனால் ஒரு சென்சார் பேசாமல் போனாலே இரண்டு விளக்கும் சேர்ந்து எரியும். சறுக்கல் விளக்கு மட்டும் தனியாக எரிந்திருந்தால் ஸ்டீயரிங் கோண சென்சார், பிரேக் பெடல் சுவிட்ச் என்று வேறு பக்கம் தேடச் சொல்லியிருப்பேன். எஞ்சின் விளக்கும் கூடவே வந்திருந்தால் எஞ்சின் பழுதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல கார்களில் எஞ்சினில் கோளாறு வந்தாலே இந்த அமைப்பு தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. மஞ்சள் விளக்கு எரியும்போது சாதாரண பிரேக் பிடிக்கும், சறுக்கினால் தாங்கும் உதவிதான் இருக்காது. மழையில் முன்னால் போகிற வண்டியிலிருந்து நன்றாக இடைவெளி விட்டு, மெதுவாகப் போ. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, பிரேக் எண்ணெய் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார். அப்படியும் அணையவில்லை என்றால் வண்டியை எடுக்காதே, இழுவை வண்டியைக் கூப்பிடு.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரி. எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஆன பிறகு மல்டிமீட்டரில் 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட். பேட்டரி சோர்ந்தாலே இந்த விளக்குகள் கண்டபடி எரியும். நான்கு டயரும் ஒரே அளவா, காற்று சரியா என்றும் பார்த்துவிடு.

அப்புறம் ஸ்கேனர். மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் கருவிகளில் பெரும்பாலானவை எஞ்சினின் பழுது எண்களை (கோட்) மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் வேண்டும். என்னிடம் இருப்பதை மாமா மகன் கோலாலம்பூருக்கு வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். இதில் வரும் கோட்கள் சி எழுத்தில் தொடங்கும். சி 0035 என்றால் முன் இடது சக்கரம், சி 0040 முன் வலது, சி 0045 பின் இடது, சி 0050 பின் வலது. சில கார் நிறுவனங்கள் வேறு எண் வைத்திருக்கும், எண்ணோடு வரும் விளக்கத்தையும் படி. கோட் காட்டுவது எந்தச் சக்கரத்தின் சுற்று என்பதைத்தான். அந்தச் சுற்றில் சென்சார், ஒயர், கனெக்டர், சக்கரத்தோடு சுற்றும் பல்வளையம் (சென்சார் இதைத்தான் படிக்கும்) எல்லாம் அடக்கம். கோட் வந்துவிட்டது என்று உடனே சென்சார் வாங்க ஓடாதே.

ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் நேரடியாகக் காட்டும் பக்கம் இருக்கும். ஞாயிறு காலை காலியான நேர் ரோட்டில் உன் தோழி 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் பார். மூன்று எண்கள் ஒன்றாக ஏறி, ஒன்று மட்டும் பூஜ்யத்தில் நின்றாலோ குதித்தாலோ, தேட வேண்டிய சக்கரம் அதுதான்.

முன் சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்து, டார்ச் அடித்து, சக்கரத்திலிருந்து உள்ளே போகும் ஒயரைப் பார். ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து வளைந்து, வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே கம்பி அறுந்திருக்கும். எலி கடித்த தடமும் இருக்கலாம், அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் அது சகஜம். போன மாதம் திடீர் வெள்ளத்தில் வண்டி நின்றதாகச் சொன்னாயே, கனெக்டரைக் கழற்றினால் பச்சையாகப் பூத்திருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு அதில்தான் சந்தேகம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாக உலர்த்தி, மாட்டிப் பார். இதற்குச் சில வெள்ளிதான் செலவு.

அதற்கும் சரியாகவில்லை என்றால் சென்சாரைக் கழற்ற வேண்டும். அதை அங்கே தனியாகச் செய்யாதே. சமதளம் வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வேண்டும், ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஒரே போல்ட்தான், ஆனால் துருவில் இறுகியிருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல சென்சாரும் உடைந்துவிடும். துரு எண்ணெய் விட்டுக் காத்திருந்து, மெல்லத் திருகித்தான் எடுக்க வேண்டும். இப்போதைய சென்சார்கள் பெரும்பாலும் சிப் வைத்தவை, அவற்றை மல்டிமீட்டரின் ஓம்ஸில் சோதிக்கக் கூடாது, கெட்டுவிடும். சமீபத்தில் பேரிங் மாற்றியிருந்தால் அதையும் சொல். பல பேரிங்குகளில் பல்வளையத்துக்குப் பதிலாகச் சென்சார் படிக்கும் காந்த வளையம் ஒரு பக்கம்தான் இருக்கும், திருப்பி மாட்டினால் சென்சாருக்கு எதுவும் தெரியாது.

தீபாவளிக்கு நீ இங்கே ஓட்டி வர 350 கிலோமீட்டர். அது மழைக்காலம். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்தை ஒட்டிய வளைவுகளில் ஈர ரோட்டில் இந்த விளக்கு எரிய நீ வருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதற்குள் சரியாகாவிட்டால் பஸ்ஸில் வந்துவிடு, பட்டர்வொர்த்தில் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். காரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கோட் வந்ததும் அழிக்காமல் படம் எடுத்து அனுப்பு. சென்சார்தான் என்று உறுதியானால் புக்கிட் மெர்தாஜாமில் தெரிந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விலை கேட்டு வைக்கிறேன். அந்த ஃபோர்மனிடம் ஸ்கேன் முடிவு வந்த பிறகு பேசுகிறேன் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா