தொட்டியைக் கவிழ்க்கும் முன்…

ஆசிரியருக்கு வணக்கம்.

டெங்கு தடுப்புக்காகச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து, தேங்கிய தண்ணீரைக் கொட்டுகிறார்கள். வேண்டிய வேலைதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பொரித்து, கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆனால் எங்கள் தோட்டத்துச் சிமெண்ட் தொட்டியையும் அதோடு கவிழ்த்துவிட்டார்கள். மழைக்குப் பிறகு தேரை அதில் முட்டையிட்டிருந்தது. கறுப்பு மணி கோத்த மாலை போல வழவழவென்று நீளச் சரம். பொரித்து வந்த தலைப்பிரட்டைகள் நான் வேலை முடிந்து வருவதற்குள் தரையில் காய்ந்து கிடந்தன. இன்னும் மனசு ஆறவில்லை.

வாழையடிக் குழிக்கு ஓடிய தண்ணீரில் சில மிஞ்சின. அவற்றை அகலமான டப்பில் விட்டு நிழலில் வைத்திருக்கிறேன். மேல் முழுக்கக் கொசுவலை கட்டியாயிற்று. மழைத்தண்ணீர்தான் நல்லது. குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். வேகவைத்த கீரை துளி போட்டால் போதும். மிஞ்சினால் தண்ணீர் நாறிவிடும். தலைப்பிரட்டைக்கு முதலில் பின்னங்கால் முளைக்கும், அப்புறம் முன்னங்கால். முன்னங்கால் வந்ததும் அது தின்னாது, வால் கரைந்தே உடம்புக்கு உணவாகும். செவுளும் போய் நுரையீரலால் மூச்சு விடும் நேரம் அது. ஏறி உட்காரச் சரிவாக ஒரு கல் இல்லாவிட்டால் தண்ணீரிலேயே மூழ்கிச் செத்துவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சமயத்தில் வலையையும் எடுத்துவிட வேண்டும்.

மூக்கனேரியில் கொண்டுபோய் விடட்டுமா என்று எதிர்வீட்டுப் பையன் ஆசையாகக் கேட்டான். வேண்டாம் என்றேன். ஒரு நீர்நிலையின் நோய் இன்னொன்றுக்குப் போகக்கூடும், மீன்களும் இருக்கும். கால் முளைத்து வால் போனதும் பிறந்த தோட்டத்திலேயே ஈரச் சருகுக்கடியில் விட்டால் போதும். சருகைக் கூட்டி எரிக்காமல் இருந்தால் கரையான், எறும்பு, பூச்சி என்று தானே தின்று பிழைத்துக்கொள்ளும்.

தேரை விழுந்தால் குழந்தை இளைக்கும் என்று பயந்து அடிப்பவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். குழந்தை இளைப்பது ஊட்டக்குறைவாலும் நோயாலும்தான். டாக்டரிடம் காட்டுங்கள், தேரையை விட்டுவிடுங்கள்.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கவிழ்க்கும் முன் தண்ணீருக்குள் ஒரு முறை பார்க்கவும், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் பணியாளர்களுக்கு அறிவுறுத்துங்கள். டீ வடிகட்டியால் அள்ளி வேறு பாத்திரத்தில் விட்டு வலை கட்டப் பத்து நிமிடம் கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கன்னங்குறிச்சி, சேலம்.