பாப்பாவுக்கு, பினாங்கிலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? போனில் இரண்டு வரி அனுப்பினால் கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறாய். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் என்னை ஒரு போன்சாய் கண்காட்சிக்கு அழைத்துப் போனார். பெரிய மரத்தைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கிறார்களே, அதுதான். இதற்கெல்லாம் நான் போனதே இல்லை. ஒரு சுற்று சுற்றிவிட்டு, தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானம் வரை நகர முடியவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் முன்பக்கம் என்று ஒன்று உண்டாம். அங்கே நின்று, மரத்தின் மட்டத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். அப்படிக் குனிந்தால், எதிரே ஒரு புளியமரம்! முழங்கால் உயரம்கூட இல்லை. அடிமரம் வெடித்து, வேர் நாலா பக்கமும் மண்ணைப் பிடித்துக்கொண்டு, தாத்தா வீட்டு லயத்துக்கு முன்னால் நின்றதே, அதே மரம். கஸ்தூரி எலுமிச்சையும் இருந்தது. வளர்க்கிற விதத்தில் இலை சிறுக்குமாம், காய் சிறுக்காதாம். சாண் உயர மரத்தில், பசாரில் வாங்குகிற அதே அளவுக் காய் தொங்குகிறது.

இன்னொரு மரத்தில் வெள்ளைப் பூ. நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கியது, நல்ல வாசனை. நம் வெட்பாலைக்குச் சொந்தக்கார மரமாம். இலை அத்தனையையும் கையால் கிள்ளிவிட்டால், சில வாரத்தில் புதுத் துளிரோடு மொத்தமாகப் பூக்கும் என்றார் அதை வளர்த்த பெரியவர்.

வாழ்நாள் முழுக்க ஒயர் இழுத்தவன் கண் வேறு எங்கே போகும்? கிளைகளை வளைக்க அலுமினிய ஒயர் சுற்றியிருந்தார்கள். 45 டிகிரி சாய்வு, இடைவெளி கொஞ்சமும் மாறவில்லை. என்னிடம் வேலை பழகிய பையன்களில் ஒருவனும் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. நம் ஊர் வெயிலுக்குக் கிளை சீக்கிரம் பருத்துவிடும். பார்க்காமல் விட்டால் ஒயர் பட்டைக்குள் இறங்கிவிடும், தழும்பு லேசில் போகாது. எடுக்கும்போது சுற்றைப் பிரித்து இழுத்தால் கிளை முறிந்துபோகுமாம். துண்டு துண்டாக நறுக்கித்தான் எடுக்க வேண்டுமாம்.

சின்னத் தொட்டி, கொஞ்சம் மண். வெயில் நாளில் இரண்டு வேளையும் தண்ணீர் விட வேண்டும். வெளியூர் போனால் என்ன செய்வீர்கள் என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். "என் மனைவி பார்த்துக்கொள்வாள். வீட்டில் இன்னொரு ஆள் இல்லாவிட்டால் இந்த வேலையில் இறங்கவே கூடாது" என்று சிரித்தார். எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது. காய்ச்சல் என்று படுத்தால் ஒரு கிளாஸ் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்க அங்கே ஆள் இருக்கிறதா பாப்பா? நீ அனுப்பிய பொங்கல் படத்தை அம்மா எல்லோருக்கும் காட்டினாள். பனியில் கார் ஓட்டுகிறாள், தனியாகப் பொங்கலும் வைத்திருக்கிறாள் என்று சின்னத்தையிடம் நானும்தான் பெருமையடித்தேன். ஆனால் மேசையில் ஒரு தட்டுதான் இருந்தது. மாப்பிள்ளைக்கு வேலையாக இருந்திருக்கும். சரி. வேளாவேளைக்குச் சாப்பிடு. தீபாவளிக்கும் ஐந்து நிமிஷம்தான் பேசினாய், அம்மா அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பெரியவரிடம் என் மகள் வாஷிங்டனில் இருக்கிறாள் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே நேஷனல் ஆர்போரேட்டம் என்ற தோட்டத்தில் ஒரு ஜப்பானியப் பைன் மரம் இருக்கிறதாம். 1625 முதல் தொட்டியிலேயே வளர்கிற மரம். 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது, சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு வீட்டுச் சுவர் மறைவில் இருந்து தப்பித்திருக்கிறது. 1976இல் அந்தக் குடும்பத்துப் பெரியவர் அதை அமெரிக்காவுக்கே கொடுத்துவிட்டார். குண்டுக்குத் தப்பிய மரம் என்பதே 2001இல் பேரப்பிள்ளைகள் வந்து சொன்ன பிறகுதான் அங்கே தெரிந்ததாம். அத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை, அதுபாட்டுக்கு நின்றிருக்கிறது.

நீ போய்ப் பார். உள்ளே போகக் காசு இல்லையாம். மாப்பிள்ளைக்கு நேரம் இருந்தால் இருவரும் போங்கள். இல்லையென்றால் நீ மட்டும் போ. தனியாகப் போனாலும் படம் எடுத்து அனுப்பு, அப்பா எதுவும் கேட்க மாட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அறையில் ஒயரிங் பழசாகிவிட்டது, நானே மாற்றிவிட்டேன். புது ஃபேனும் மாட்டியாயிற்று. டிக்கெட்டுக்கு அப்பாவிடம் பணம் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு வந்தாலும் சரி, ஒரேயடியாக வந்தாலும் சரி. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு ரத்தக் கொதிப்பு. வெள்ளிக்கிழமை காலையில் அவள் கோயிலுக்குப் போய்விடுவாள். உனக்கு அப்போது ராத்திரி. அந்த நேரம் பார்த்துக் கூப்பிடு.

அப்பா